எங்க கிடைச்சதுன்னு எழுதாத ஃபாசில் பாதி ஃபாசில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பொழுதுபோக்குகள் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. தபால்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம்னு வரிசையா வந்து கடைசியில ஃபாசில், அதாவது பழங்கால உயிருங்க கல்லாப் பதிஞ்ச புதைபடிவம், சேகரிக்கறதைப் பத்தியும் ஒரு சின்னப் பத்தி இருந்துச்சு. 30 வருஷத்துக்கு மேல இந்தப் பழக்கத்துல இருக்கறவன் நான், நம்ம பேப்பர்ல இதைப் பத்தி நாலு வரி பார்த்ததே பெரிய சந்தோஷம், அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வச்சுக்கிட்டேன். ஆனா படிச்சு முடிச்சதும் மனசு கேக்கல. கிடைச்ச கல்லை நல்லா கழுவி வார்னிஷ் அடிச்சு கண்ணாடி அலமாரியில அடுக்கினா வீட்டுக்கே அழகுன்னு எழுதியிருந்தீங்க. எந்த இடத்துல எடுத்தோம், எந்தப் பாறை அடுக்குல எடுத்தோம், எந்த நாள்ல எடுத்தோம்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வைக்கணும்னு ஒரு வார்த்தை இல்ல. இந்தப் பழக்கத்தோட உயிரே அந்தச் சீட்டுதாங்க. அதுக்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

எனக்கு இந்தப் பழக்கத்தைத் தொத்த வச்சவர் ஒரு பெரியவர். என்னைவிட 20 வயசு மூத்தவர், கையில ஒரு கல்லைக் கொடுத்தா திருப்பித் திருப்பிப் பார்த்து, விரல் நகத்தால லேசா கீறிப் பார்த்து, இது ஆழமில்லாத கடல்ல வாழ்ந்தது, இது சேத்துல புதைஞ்சதுன்னு சொல்லிடுவார். அவர் தவறிப்போய் கொஞ்ச நாள் கழிச்சு அவரோட பொண்ணு போன் பண்ணுச்சு, அங்கிள், அப்பாவோட கல்லு எல்லாம் அப்படியே கிடக்கு, தூக்கிப் போட மனசு வரல, நீங்க வந்து பாருங்கன்னு. போனேன். அஞ்சு மரப்பெட்டி. மூடியைத் திறந்தா உள்ளங்கை அகலத்துக்கு அம்மோனைட், சுருள் ஓடு உள்ள அழிஞ்சுபோன கடல் உயிர், அதோட மேல்தோல் உரிஞ்ச இடத்துல கீரை இலை ஓரம் மாதிரி நெளிநெளியா கோடு, அப்புறம் கடல் முள்ளெலி, ஓரத்துல இன்னமும் ரம்பப் பல் தெரியற சுறாப் பல்லு, ஒரு சாம்பல் கல்லுல நரம்பு நரம்பா ஒரு இலை. ஒவ்வொண்ணும் ஒரு சொத்து. ஆனா எதுலயும் ஒரு நம்பர் கிடையாது, ஒரு சீட்டு கிடையாது. ஒரு பெட்டியில மட்டும் சிலதை பழைய நியூஸ்பேப்பர்ல சுத்தி வச்சிருந்தார், அதைக் கடைசியில சொல்றேன்.

எல்லாமே அவர் தலைக்குள்ள இருந்துச்சுங்க. எந்தக் கல்லை எடுத்துக் கேட்டாலும் அன்னிக்கு மழை பெஞ்சுதா வெயில் அடிச்சுதான்னு கூட சொல்லுவார், எழுத வேண்டிய தேவையே அவருக்கு வரல. அவரோட அதுவும் போயிடுச்சு. ஒரு மியூசியத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன், அங்க இருந்த அம்மா ஒவ்வொண்ணையும் ஆசையா எடுத்துப் பார்த்தாங்க, அப்புறம் ரொம்ப வருத்தமா, சார், எடுத்த இடம் தெரியாம ஆராய்ச்சிக்கு எங்களால வச்சுக்க முடியாது, வேணும்னா பள்ளிக்கூடப் பசங்க தொட்டுப் பார்க்கறதுக்கு ரெண்டு மூணு எடுத்துக்கறோம்னாங்க. அவங்க சொன்னதுல தப்பே இல்ல. ஒரு மனுஷனோட 40 வருஷ உழைப்பு அந்த ஒரு நிமிஷத்துல தொட்டுப் பார்க்கற கல்லாயிடுச்சு. திரும்பி வர்ற வழியெல்லாம் என்னால பேச முடியல.

இடம் அவ்வளவு முக்கியமான்னு கேக்கறவங்களுக்காக ஒரு பழைய கதை. இங்கிலாந்துல கால்வாய் வெட்டறதுக்கு அளவெடுக்கற வேலை பார்த்தவர் வில்லியம் ஸ்மித். 1790கள்ல மண்ணைத் தோண்டத் தோண்ட அவர் ஒண்ணைக் கவனிச்சார், பாறை அடுக்குங்க பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒவ்வொரு அடுக்குக்குள்ளயும் இருக்கற ஃபாசில் வேற வேற, அதுவும் எங்க போய்த் தோண்டினாலும் அதே வரிசையிலதான் வருது. அதை வச்சே 1815ல இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துல ஒரு பகுதிக்கு நிலவியல் வரைபடம் போட்டுட்டார். கடனாளியாகி கடைசியில தன்னோட ஃபாசில் சேகரிப்பை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வித்தார், அதுக்கு மதிப்பு எப்படி வந்துச்சுன்னு நினைக்கறீங்க, அழகுக்கா? எந்த அடுக்குல எது கிடைச்சதுன்னு அவர் பிரிச்சு வச்சிருந்ததாலதான். அம்மோனைட்ல பல இனங்க பூமியோட கணக்குல பார்த்தா ரொம்பக் கொஞ்ச காலம்தான் வாழ்ந்திருக்கு, சிலது 10 லட்சம் வருஷம் கூட இல்ல, அதனால ஒரு அடுக்குல இந்த அம்மோனைட் இருக்குன்னா அந்த அடுக்கோட வயசைச் சொல்லிடலாம். ஆனா அந்த அம்மோனைட்டை அடுக்குல இருந்து பிரிச்சு, எங்கன்னு எழுதாம கொண்டுவந்து அலமாரியில வச்சுட்டா அது எதுக்கும் சாட்சி சொல்லாது.

இன்னொண்ணு இதைவிட எனக்குப் பிடிச்சது. 1956ல இங்கிலாந்துல சார்ன்வுட் காட்டுல டீனா நீகஸ்னு 15 வயசுப் பொண்ணு ஒரு பாறையில இறகு மாதிரி, செடி மாதிரி ஒரு தடம் பார்த்துச்சு. அந்தப் பாறை ரொம்ப ரொம்பப் பழசு, ஏறக்குறைய 54 கோடி வருஷத்துக்கு முன்னாடி தொடங்கின கேம்பிரியன் காலத்துக்கே முந்தினது, அவ்வளவு பழைய பாறையில ஃபாசிலே கிடையாதுன்னு எல்லாரும் நம்பின நேரம். பள்ளிக்கூடத்துல புவியியல் டீச்சர்கிட்ட சொன்னா, அந்தப் பாறையில ஃபாசில் இருக்காதுன்னு பதில் வந்துச்சு, அதோட முடிஞ்சுது. அடுத்த வருஷம் ரோஜர் மேசன்னு ஒரு பள்ளிக்கூடப் பையன் பாறை ஏறப் போன இடத்துல அதையே பார்த்தான், பேப்பரை மேல வச்சுப் பென்சிலால தேச்சுப் படி எடுத்து அப்பாகிட்ட காட்டினான், அவர் மூலமா ட்ரெவர் ஃபோர்டுங்கற நிலவியலாளர்கிட்ட போச்சு, அவர் நேராப் போய்ப் பார்த்தார், 1958ல சார்னியா மசோனின்னு பேர் வச்சு வெளியிட்டார். 55 கோடி வருஷத்துக்கும் முந்தின உயிர். மேசனே பின்னாடி எனக்கு முன்னாடி அந்தப் பொண்ணு பார்த்துட்டாங்கன்னு மறைக்காம சொன்னவர். இதுல நான் சொல்ல வர்றது, அந்தத் தடம் பாறையிலயே இருந்துச்சு, எங்க இருக்குன்னு பையன் கையைக் காட்டினான், அதனாலதான் நம்பினாங்க. அதே கல்லை யாராவது பேத்தெடுத்துட்டு வந்து பத்து வருஷம் கழிச்சு மேஜை மேல வச்சு, இது கேம்பிரியனுக்கு முந்தின பாறையில கிடைச்சதுன்னு சொல்லியிருந்தா எந்த நிபுணரும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டாங்க.

எடுத்த இடத்தை மறக்காததால ஒரு டைனோசரே கிடைச்சிருக்கு. 1983 ஜனவரியில வில்லியம் வாக்கர்னு ஒருத்தர், தொழில் பிளம்பர், லீவு நாள்ல ஃபாசில் தேடறவர், இங்கிலாந்துல சர்ரேயில ஒரு களிமண் குழியில ஒரு கல்லு எடுத்தார், அதுக்குள்ள ஒரு பெரிய நகம், ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். வீட்டுல வந்து துண்டுங்களை ஒட்டிப் பார்த்தா நுனி இல்ல. சில வாரம் கழிச்சு அதே குழியில அதே இடத்துக்குத் திரும்பிப் போய் ஒரு மணி நேரம் தேடி அந்த நுனியை எடுத்துட்டு வந்தார், கூடவே ஒரு விரல் எலும்பும் விலா எலும்புத் துண்டும். அப்புறம் லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துக்குச் சேதி போச்சு, அவங்க ஆளுங்க வந்து தோண்டினா முக்கால்வாசிக்குக் கிட்ட ஒரு எலும்புக்கூடு. 1986ல பேர் வச்சாங்க, பேரியானிக்ஸ் வாக்கரி, வாக்கரோட பேர்லயே. வயித்துப் பக்கத்துல மீன் செதில் இருந்துச்சு, அதை வச்சுத்தான் இது மீன் தின்ன டைனோசர்னு தெரிஞ்சுது. அந்த மீன் செதில் எலும்புக்கூட்டோட இருந்த இடத்துலயே இருந்ததால தெரிஞ்சுது, இதையும் யோசிச்சுப் பாருங்க.

சரி, இனி கையில கல்லு இருக்கற அந்த நிமிஷத்துக்கு வர்றேன், ஏன்னா அங்கதான் எல்லாரும் கோட்டை விடறோம். களிப்பாறையில சில இடத்துல உருண்டை உருண்டையாக் கல்லு கிடைக்கும், முட்டையை நசுக்கி வச்ச மாதிரி, தூக்கினா பக்கத்துல கிடக்கற கல்லைவிடக் கொஞ்சம் கனம். செத்த உயிரைச் சுத்தி தாதுப்பொருள் சேர்ந்து இறுகினது அது, எல்லாத்துலயும் ஏதாவது இருக்கும்னு சொல்ல முடியாது, பத்து உடைச்சா ஒம்பது வெறும் கல்லு. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, ஓரத்துல சுத்தி வர லேசா லேசா தட்டணும், ஒரே போடு போட்டா குறுக்கால போயிடும். சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தட்டணும். முதல்ல கணீர்னு கேக்கும், விரிசல் உள்ள ஓடினதும் சத்தம் செத்துப்போய் டொக்குன்னு ஆகும், அப்ப சுத்தியைக் கீழ வச்சுட்டுக் கையாலயே பிரிக்கலாம். ரெண்டா விரியறப்ப ஒரு பக்கம் உடம்பு, ஒரு பக்கம் அதோட பள்ளம். நமக்கு முன்னாடி எந்தக் கண்ணும் பார்க்காதது, பல கோடி வருஷம் கழிச்சு முதல் வெளிச்சம் படுது, எத்தனை வருஷமானாலும் அந்த நேரத்துல எனக்கு மூச்சு நின்னு வருது.

அந்த சந்தோஷத்துல நாம என்ன பண்றோம், உடம்பு இருக்கற பாதியை வச்சுக்கிட்டு பள்ளம் இருக்கற பாதியைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்த கல்லுக்குப் போயிடறோம். பண்ணவே கூடாதுங்க. ரெண்டு பாதியும் வேணும், ரெண்டுக்கும் ஒரே நம்பர் போடணும். 1999ல ஆர்க்கியோராப்டர்னு ஒண்ணு, பறவைக்கும் டைனோசருக்கும் நடுவுல இருக்கற உயிர்னு நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகையிலயே வந்துச்சு. சீனாவுல இருந்து வந்த கல்லு, யாரோ வெவ்வேற மிருகத்தோட துண்டுங்களை ஒட்டி வித்திருக்காங்க. எப்படி வெளிய வந்துச்சு தெரியுமா, ஷூ ஷிங்ங்கற சீன ஆய்வாளர் அந்த வாலோட மறுபாதிக் கல்லைத் தேடிக் கண்டுபிடிச்சார், அதுல அந்த வால் வேற ஒரு சின்ன டைனோசரோட உடம்புல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மறுபாதி மட்டும் இல்லேன்னா அந்தப் பொய் இன்னும் எவ்வளவு நாள் ஓடியிருக்குமோ.

அப்புறம், பையில போடறதுக்கு முன்னாடி, நின்ன இடத்துலயே எழுதணும். வீட்டுக்குப் போய் எழுதிக்கலாம்னா நடக்காது, ஏழெட்டுக் கல்லு ஒரே பையில கலந்துட்டா எது எதுன்னு சாயங்காலமே மறந்துடும், எனக்கு நடந்திருக்கு. நான் எழுதறது இவ்வளவுதான், ஊர்ப்பேர் மட்டும் போட்டா பத்தாதுன்னு இடத்தைத் திரும்பப் போய்க் கண்டுபிடிக்கற மாதிரி எழுதுவேன், போன்ல வர்ற அட்சரேகை தீர்க்கரேகை எண்ணையும் எழுதுவேன், தரையில இருந்து எவ்வளவு உயரம், கல்லோட நிறம், மேல என்ன அடுக்கு கீழ என்ன அடுக்கு, பாறைச் சுவர்லயே பதிஞ்சு இருந்ததா இல்ல கீழ விழுந்து கிடந்ததா, தேதி, எடுத்தவர் பேரு. சுவர்ல இருந்ததா விழுந்து கிடந்ததாங்கறதை முக்காவாசிப் பேர் எழுதறதில்ல, ஆனா விழுந்து கிடந்தது மேல எந்த அடுக்குல இருந்து வேணும்னாலும் உருண்டு வந்திருக்கலாம், அதனால அதை மறைக்காம எழுதிடணும். எடுக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு ஒரு போட்டோ, கொஞ்சம் தள்ளி நின்னு முழு இடமும் தெரியற மாதிரி இன்னொரு போட்டோ.

போன்லயே எல்லாம் இருக்கே, நோட்டு எதுக்குன்னு இளைஞர்கள் கேக்கறாங்க. போட்டோ நல்லதுதான், ஆனா போன் தண்ணியில விழும், மாத்துவோம், பாஸ்வேர்டு தெரியாம நம்ம பசங்களாலயே திறக்க முடியாமப் போகும். பென்சில்ல எழுதின காகிதம் அப்படி இல்ல. பேனா மை ஈரத்துல ஊறி ஓடும், பால்பாயிண்ட் மங்கிப்போகும், பென்சில் கரி மங்காது. கல்லுலயும் நம்பர் இருக்கணும், சீட்டு தனியாப் பிரிஞ்சு போயிட்டா? ஃபாசில் மேல போடாம பின்பக்கமோ ஓரமோ முக்கியமில்லாத இடமாப் பார்த்து, கரைச்சு எடுக்கக்கூடிய கோந்து ஒரு சொட்டு வச்சு, மியூசியத்துக்காரங்க பாராலாய்ட் பி 72ங்கறதை அசிட்டோன்ல கரைச்சு வச்சுக்கறாங்க, அது காஞ்சதும் அதுக்கு மேல சின்னதா நம்பரை எழுதி மேல இன்னொரு சொட்டு வைக்கறது. என்னிக்காவது அழிக்கணும்னா அசிட்டோன்லயே போயிடும், கல்லுக்குச் சேதாரம் இல்ல.

எடுத்தவர் பேரு எழுதணும்னேன் இல்லையா, அதை லேசா நினைக்காதீங்க. மேரி ஆனிங் பேரு நிறையப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும், 1799ல பொறந்த ஏழைப் பொண்ணு, இங்கிலாந்துல லைம் ரீஜிஸ் கடற்கரையில ஃபாசில் பொறுக்கி வித்துக் குடும்பத்தைக் காப்பாத்தினவங்க. 12 வயசு வாக்குல அண்ணன் கண்டெடுத்த மண்டை ஓட்டோட மிச்ச உடம்பைத் தேடி எடுத்தாங்க, அது இக்தியோசார், மீன் மாதிரி உடம்பு உள்ள பழங்காலக் கடல் ஊர்வன. 1823ல ஏறக்குறைய முழுசா ஒரு ப்ளீசியோசார், நீளக் கழுத்து உள்ள இன்னொரு கடல் ஊர்வன. அடுத்த வருஷம் லண்டன் ஜியாலஜிகல் சொசைட்டியில அதைப் பத்தி ஒருத்தர் பேசறார், எடுத்தவங்க பேரையே சொல்லல. பொம்பளைங்கறதால அந்தச் சங்கத்துல அவங்களால உறுப்பினராகவும் முடியல. அவங்க எடுத்ததுல பலது மியூசியத்துக்கு யார் கொடுத்தாங்களோ அவங்க பேர்லதான் போச்சு, எடுத்தவங்க பேரு சீட்டுல இல்ல. இத்தனை வருஷம் கழிச்சு இப்ப ஆளுங்க உக்காந்து பழைய காகிதத்தை எல்லாம் தேடி இது அவங்க எடுத்தது, இது அவங்க எடுத்ததுன்னு கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்காங்க. ஒரு வரி எழுதியிருந்தா போதுமே.

இப்ப அந்தக் கழுவற, வார்னிஷ் அடிக்கற விஷயம். தயவுசெஞ்சு அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க. எல்லாக் கல்லையும் கழுவக்கூடாது. சில ஃபாசில் பித்தளை மாதிரி பளபளன்னு இருக்கும், அது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. ஆரம்ப காலத்துல எனக்குக் கிடைச்ச முதல் பளபளப்பு அம்மோனைட், கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும், ராத்திரி முழுக்க தண்ணியில ஊறப்போட்டு மறுநாள் பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சு, மேல வார்னிஷும் அடிச்சு ஒரு அட்டைப்பெட்டியில வச்சேன். ஒரு மழைக்காலம் போய்த் திறந்து பார்க்கறேன், வெள்ளையும் மஞ்சளுமா ஒரு பொடி, நெருப்புக்குச்சி அணைச்ச மாதிரி கந்தக வாசனை, அட்டைப்பெட்டியோட அடி கருகிப்போய் ஓட்டை. ஈரமும் காத்தும் பட்டு பைரைட் சிதைஞ்சு அமிலமாகி தன்னையும் தின்னு, தன்னைத் தாங்கின அட்டையையும் தின்னுடுச்சு. மேல இருந்த வார்னிஷ் எதையும் காப்பாத்தல, உள்ள நடக்கறது தெரியாம மூடி வச்சதுதான் மிச்சம். பைரைட்டை ஈரம் படாம, நல்லா மூடற டப்பாவுல ஈரத்தை உறிஞ்சற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைக்கணும், அப்பப்ப எடுத்துப் பார்க்கணும். வார்னிஷ் காலப்போக்குல மஞ்சளாகும், உரிக்கறப்ப ஃபாசிலோட மேல்பரப்பும் சேர்ந்து உரியும், அந்த மேல்பரப்புலதான் ஆராயறவங்களுக்கு வேண்டிய நுணுக்கம் எல்லாம் இருக்கு. உடைஞ்சு உதிர்றதா இருந்தா மட்டும், திருப்பிக் கரைக்க முடியற கோந்தை நீர்க்கக் கரைச்சு விடலாம், அதைப் போட்டதையும் சீட்டுல எழுதணும்.

கடையில வாங்கறதைப் பத்தியும் உங்க பத்தியில ஒரு வரி இருந்துச்சு. வாங்கறது தப்புன்னு சொல்ல மாட்டேன், நானும் வாங்கியிருக்கேன், ஏமாந்தும் இருக்கேன். ஒருதடவை இணையத்துல ஒருத்தர்கிட்ட ஒரு ட்ரைலோபைட், ஓடு மூடின அழிஞ்சுபோன கடல் உயிர், வாங்கினேன், முள்ளு முள்ளா தூக்கிக்கிட்டு அவ்வளவு அழகு, எந்த நாடுன்னு மட்டும் சொன்னார், அதுக்கு மேல கேட்டா பதிலே இல்ல. பத்து மடங்கு லென்ஸ்ல பார்த்தா மேல குண்டூசி முனையளவுல குட்டிக் குட்டி ஓட்டை, காத்துக் குமிழி உடைஞ்ச இடம், அச்சுல ஊத்தின ரெசின். சில ட்ரைலோபைட்டுக்குக் கண்ணு தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன லென்ஸா கல்லாவே இருக்கும், இதுல அந்த இடம் மொழுமொழுன்னு இருந்துச்சு. நிஜமானதுல பெரும்பாலும் கல்லை உடைச்சு ஒட்டின கோடு ஒண்ணு பாறை வழியா ஃபாசில் குறுக்காலயும் ஓடும், அந்தக் கோட்டைப் பார்த்து நிறையப் பேரு குறைன்னு நினைச்சு விட்டுடறாங்க, நான் இப்ப அதைத்தான் முதல்ல தேடறேன். எங்க கிடைச்சதுன்னு விக்கறவரால சொல்ல முடியலேன்னா வாங்காம இருக்கறதுதான் நல்லது, ஏன்னா போலியா இல்லேன்னா திருடினதா இருக்கலாம். மங்கோலியாவுல ஃபாசில் எல்லாம் அரசாங்கச் சொத்து, அங்கிருந்து கடத்தின ஒரு டார்போசாரஸ்ங்கற டைனோசரோட எலும்புக்கூடு 2012ல நியூயார்க்ல ஏலத்துக்கே வந்துடுச்சு, வழக்குப் போட்டு 2013ல திரும்ப வாங்கினாங்க.

சட்டம் நாட்டுக்கு நாடு வேற, அதனால போறதுக்கு முன்னாடி விசாரிச்சுட்டுப் போறது நம்ம கடமை. அமெரிக்காவுல பல பொது நிலங்கள்ல சாதாரண சிப்பி, இலை மாதிரி கொஞ்சம் எடுத்துக்கலாம், முதுகெலும்பு உள்ளதை அனுமதி இல்லாம தொடக்கூடாது. பிரேசில்ல 1942ல இருந்தே ஃபாசில் தேசத்தோட சொத்து. டென்மார்க்ல 1989ல கொண்டுவந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிச்சது, அறிவியலுக்கு முக்கியமானது கிடைச்சா மியூசியத்துல ஒப்படைக்கணும், ஒப்படைச்சவருக்கு அரசாங்கம் சன்மானம் கொடுக்கும், எடுத்தவருக்கும் மரியாதை, ஃபாசிலும் தொலையாது. தனியார் நிலம்னா சொந்தக்காரரைக் கேக்காம காலே வைக்கக்கூடாது. எலும்பு ஏதாவது பாறைக்குள்ள நீட்டிக்கிட்டு இருந்தா இழுக்காதீங்க, போட்டோ எடுத்து இடத்தைக் குறிச்சுட்டுத் தெரிஞ்சவங்களுக்குச் சொல்லுங்க.

செங்குத்தான பாறைக்கு அடியில நிக்கறதைப் பத்தி நான் புதுசா சொல்ல வேண்டியதில்ல, மேரி ஆனிங்கோட கூடவே திரிஞ்ச நாய் 1833ல சரிவுல புதைஞ்சு செத்துச்சு, அவங்க தப்பிச்சது மயிரிழையில. தச்சு வேலைக்கு வச்சிருக்கற சுத்தியால கல்லை அடிக்காதீங்க, அதோட இரும்பே சிதறிக் கண்ணுல பாயும்.

இப்ப அந்த நியூஸ்பேப்பர். பெரியவரோட அஞ்சாவது பெட்டியில பத்துப் பதினஞ்சு கல்லைப் பேப்பர்ல சுத்தி வச்சிருந்தார்னு சொன்னேன் இல்லையா. அதை நான் முதல் நாள் பிரிக்கவே இல்ல, ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி தூக்கம் வராம உக்காந்து ஒவ்வொண்ணாப் பிரிச்சேன், ஒரு பேப்பரோட தலைப்புல தேதி தெளிவா இருந்துச்சு. சட்டுனு என்னோட நோட்டை எடுத்து அந்த வாரத்தைப் பார்த்தேன், நானும் அவரும் சேர்ந்து போன நாள். நான் எடுத்த கல்லுக்கு இடம், அடுக்கு, உயரம் எல்லாம் என் நோட்டுல இருக்கு, அவர் கல்லையும் என் கல்லையும் பக்கத்துல வச்சு லென்ஸ்ல பார்த்தேன், அதே சாம்பல் நிறம், அதே நொறுங்கின சிப்பித் துகள். ஆனா பேப்பர் தேதியை மட்டும் நம்ப முடியாது, பழைய பேப்பர்ல கூட சுத்தியிருக்கலாமே. அவர் பொண்ணுகிட்ட கேட்டேன், அது ஆல்பத்தை எல்லாம் தேடி, மூலையில தேதி அச்சாகியிருந்த ஒரு போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்துச்சு. பெரியவர் குந்தி உக்காந்து ஒரு அம்மோனைட்டைக் கையில தூக்கிக் காட்டிச் சிரிக்கறார், பின்னாடி அந்தப் பாறை அடுக்கு. அதே பெட்டியில இருந்த அதே அம்மோனைட்தான், ஓரத்துல ஒரே மாதிரி உடைஞ்சிருக்கு.

அஞ்சு பெட்டியில அப்படி இடம் தெரிஞ்சு தேறினது 11 கல்லுங்க. எதை வச்சு இடத்தைச் சொல்றோம்ங்கறதையும், சந்தேகம் இருக்கற இடத்துல சந்தேகம்னும் சேர்த்தே எழுதி மியூசியத்துக்குக் கொண்டுபோனேன், அதே அம்மா அந்தப் 11ஐயும் வாங்கிக்கிட்டாங்க.

ஆசிரியர்கிட்ட என்னோட வேண்டுகோள் ஒண்ணுதான். அந்த இணைப்புல அடுத்த தடவை இதைப் பத்திப் போடறப்ப, வெட்டி எடுத்துக்கற மாதிரி கட்டம் போட்டு எட்டுச் சீட்டு அச்சடிங்க, நம்பர், இடம், அடுக்கு, சுவர்லயா கீழயா, தேதி, எடுத்தவர் பேருன்னு. நியூஸ்பேப்பர் காகிதம் நாளாவட்டத்துல மஞ்சளாகும், அதனால அது மாதிரிக்குத்தான், அதைப் பார்த்து நல்ல காகிதத்துல எழுதிக்கச் சொல்லுங்க. ஒரு பையனோ பொண்ணோ தன்னோட முதல் கல்லோட அந்தச் சீட்டை வச்சுட்டா அந்தப் பழக்கம் வாழ்நாள் முழுக்க வந்துடும்.

அந்த 11 சீட்டுலயும் எடுத்தவர்ங்கற இடத்துல பெரியவர் பேரைத்தான் எழுதினேன். பென்சில்ல.

இப்படிக்கு,
உங்க வாசகர் ஒருத்தர்